கடற்படை டெக்னாலஜிக்கு போட்ட காசு வொர்த்தா? புதுசா கணக்கு போட வர்றவங்களுக்கு

ட்ரோன், ரேடார், ஏவுகணை, முழு கப்பல், எதுவா வேணா இருக்கட்டும், "இதுல போட்ட காசுக்கு என்ன பலன்"னு ஒரு ரிப்போர்ட் கேட்டா பெரும்பாலானவங்க ரெண்டுல ஒண்ணு பண்றாங்க. நியூஸ்ல வந்த ஏவுகணை விலையை எதிரியோட ட்ரோன் விலையால வகுத்து "70 மடங்கு நஷ்டம்"னு முடிச்சிடறாங்க, இல்லைன்னா "நாட்டுப் பாதுகாப்புக்கெல்லாம் விலை போட முடியுமா"ன்னு சொல்லி கணக்கே போடாம நழுவிடறாங்க. நான் இந்த வேலைக்குள்ள வந்தப்போ உக்கார வெச்சு சொல்லித்தர ஆள் கிடைக்கல, ஆளாளுக்கு ஒரு ஃபார்முலா சொன்னாங்க, எந்த டாக்குமென்ட் எங்க இருக்குன்னு தேடறதுலயே பாதி நேரம் போச்சு. காலேஜ் ப்ராஜெக்ட், ஸ்டார்ட்அப் பிட்ச், பத்திரிகைக் கட்டுரை, எதுக்காக இருந்தாலும் நீங்க அந்த அலைச்சல் படவேண்டாம்னுதான் எழுதறேன்.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். லாபத்தை முதலீட்டால வகுக்கற கம்பெனி ஆர்ஓஐ இங்க வேலைக்கு ஆகாது, போர்க்கப்பலுக்கு வருமானம்னு ஒண்ணு கிடையாது. நாம பார்க்கறது மூணு விஷயம்: ஒரு வேலை நடக்க எவ்வளவு ஆச்சு, அதே வேலையை வேற வழியில பண்ணியிருந்தா எவ்வளவு ஆகியிருக்கும், பண்ணாமலே விட்டிருந்தா என்ன போயிருக்கும். உதாரணத்துக்கு செங்கடல் கதையைத்தான், அதாவது ஏமனோட ஹூதி கிளர்ச்சிப்படை கப்பல்களைத் தாக்கினதும் அமெரிக்கக் கடற்படை அதைத் தடுத்ததும், அதிகமா எடுத்துக்கறேன், ஏன்னா அதுலதான் நம்பர்கள் ஓரளவு வெளிய வந்திருக்கு.

1. எக்செல் திறக்கறதுக்கு முன்னாடி கேள்வியை ஒரே வரியில எழுதுங்க

2023 அக்டோபர்ல அமெரிக்க கப்பல் யுஎஸ்எஸ் கார்னி ஹூதிகளோட ஏவுகணை, ட்ரோன்களை சுட ஆரம்பிச்சதுல இருந்து எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி மாதிரி தெரியும், உண்மையில அது மூணு கேள்வி. அந்த ராத்திரி அந்தக் கேப்டன் 21 லட்சம் டாலர் ஏவுகணையை விட்டது சரியா? அடுத்த வருஷம் கடற்படை அதே ஏவுகணையை வாங்கணுமா, இல்ல மலிவா வேற ஒண்ணுக்குப் போகணுமா? மொத்தமா அந்தக் கடல்ல போய் நின்னதுக்கு பலன் இருந்துச்சா? மூணுக்கும் பதில் வேற வேற. முதல் கேள்விக்கு "ஆமா"வும் மூணாவதுக்கு "பெருசா இல்ல"யும் ஒரே நேரத்துல உண்மையா இருக்கலாம். எந்தக் கேள்வி, யார் எடுக்கப்போற முடிவு, எந்தக் காலத்துக்கு, இதை எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டிக்கங்க. நடுவுல கேள்வி மாறிடுச்சுன்னா ரிப்போர்ட் முழுக்க குழம்பிடும், அதைப் படிக்கறவங்க உடனே கண்டுபிடிச்சிடுவாங்க.

2. டாக்குமென்ட் சேர்க்கறது: எங்க, எப்போ, எவ்வளவு

நல்ல செய்தி என்னன்னா முக்கியமான எல்லாமே ஃப்ரீ. காசு கட்டி வாங்கற டிஃபென்ஸ் டேட்டாபேஸ் ஆரம்பத்துல தேவையே இல்ல.

அமெரிக்க ஆயுதம்னா முதல்ல அவங்க கடற்படையோட பட்ஜெட் ஜஸ்டிஃபிகேஷன் புக். ஏவுகணைக்கு "வெப்பன்ஸ் ப்ரொக்யூர்மென்ட், நேவி" தொகுதி, கப்பலுக்கு கப்பல் கட்டுமானத் தொகுதி. உள்ள பி-40ன்னு ஒரு படிவம் இருக்கும், அதுல மொத்தச் செலவும் எண்ணிக்கையும் வருஷவாரியா போட்டிருப்பாங்க, பி-5ல அந்தச் செலவு பிரிச்சுப் போட்டிருக்கும், ஆராய்ச்சிச் செலவு ஆர்-2ல. பிப்ரவரி முதல் வாரம் வரணும், ஆனா தள்ளிப்போறது சகஜம். அடுத்து அவங்களோட தணிக்கை அமைப்பு ஜிஏஓ வருஷா வருஷம் போடற ஆயுதத் திட்ட மதிப்பீடு, பெரும்பாலும் ஜூன் வாக்குல வரும். டெஸ்டிங் பிரிவோட ஆண்டறிக்கை தனியா வரும், "இது உண்மையில வேலை செய்யுதா"ங்கறதுக்கு அதை விட நல்ல இடம் இல்ல. காங்கிரஸோட ஆராய்ச்சிப் பிரிவு சிஆர்எஸ் போடற கடற்படை ரிப்போர்ட்களை ஆரம்பத்துலயே படிச்சிடுங்க, எளிமையான இங்கிலீஷ், பின்னணி மொத்தமும் ஒரே இடத்துல கிடைச்சிடும்.

இந்தியான்னா பிப்ரவரி 1 பட்ஜெட்ல மூலதனச் செலவுல கடற்படைக் கப்பல்களுக்கு, விமானங்களுக்குன்னு தனித்தனி தலைப்பு இருக்கும், ஆனா அதுல ஒரு குறிப்பிட்ட ஆயுதத்தோட விலை கிடைக்காது. அதுக்கு நாடாளுமன்ற பாதுகாப்பு நிலைக்குழு அறிக்கை, மக்களவை மாநிலங்களவை கேள்வி பதில்கள், நம்ம அரசோட தலைமைத் தணிக்கையாளர் சிஏஜி போடற அறிக்கை. சிஏஜி அறிக்கைதான் தங்கம், ஆனா ஒரு சிக்கல், சமீப வருஷங்கள்ல வந்த பாதுகாப்புத் துறை அறிக்கைகள் எல்லாத்தையும் வெப்சைட்ல போடறதில்ல, நாடாளுமன்றத்துல வெச்சதோட சரி. 2018 வரைக்கும் வந்தது தேடினா கிடைக்கும். கிடைக்கற அன்னைக்கே டவுன்லோட் பண்ணி உங்க கம்ப்யூட்டர்ல வெச்சுக்கங்க, லிங்க்கை மட்டும் சேவ் பண்ணாதீங்க.

ஆர்டிஐ போடலாம், பீஸ் 10 ரூபாய், நகல் பக்கத்துக்கு 2 ரூபாய், 30 நாள்ல பதில் வரணும், வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு. ஆனா விலை, ரேஞ்ச், எண்ணிக்கைன்னு நேரா கேட்டா பிரிவு 8(1)(அ) பாதுகாப்பு, இல்ல 8(1)(ஈ) வணிக ரகசியம்னு ஒரு வரியில திருப்பி அனுப்பிடுவாங்க. அதனால "இந்தத் தலைப்புல இந்த நிதியாண்டுல மொத்தம் எவ்வளவு செலவாச்சு"ங்கற மாதிரி மொத்தத் தொகையா கேளுங்க, அப்படிக் கேட்டா பதில் வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம். ரெண்டு மூணு மாசம் கையில இல்லைன்னா ஆர்டிஐயை நம்பி ரிப்போர்ட் எழுத உக்காராதீங்க.

யாராவது "உள்ள இருந்து ஒரு பிடிஎஃப் இருக்கு, வாட்ஸ்அப்ல அனுப்பறேன்"னு சொன்னா வேண்டாம்னு சொல்லுங்க. அதிகாரபூர்வ ரகசியச் சட்டம் 1923 இன்னும் உயிரோடதான் இருக்கு, வெச்சிருக்கறதே பிரச்சினையாகலாம். பொதுவுல இருக்கறதை வெச்சே நல்ல கணக்கு போட முடியும்.

3. விலைன்னா எந்த விலை?

இங்கதான் புதுசா வர்றவங்க அதிகமா வழுக்கறாங்க. ஒரே ஆயுதத்துக்கு மூணு விலை இருக்கும், மூணுமே சரியான விலைதான். அடுத்த ஒண்ணை ஃபேக்டரியில இருந்து எடுக்க ஆகற விலை ஒண்ணு. வாங்கின மொத்தச் செலவை எண்ணிக்கையால வகுத்தது ஒண்ணு. ஆராய்ச்சிச் செலவையும் சேர்த்து வகுத்தது இன்னொண்ணு. ஏற்கனவே இருக்கற ஆயுதத்துல இன்னும் பத்து வாங்கலாமான்னு கேட்டா முதல் விலை. அந்தத் திட்டமே வொர்த்தான்னு கேட்டா மூணாவது விலை. மாத்திப் போட்டா பதில் தலைகீழா வரும்.

அமெரிக்காவோட ஸும்வால்ட் ரக போர்க்கப்பலைப் பாருங்க. 32 கட்டறதா பிளான், கடைசியில கட்டினது 3. ஆராய்ச்சிக்கு மட்டும் ஏறக்குறைய 1,000 கோடி டாலர். 32 கப்பலுக்கு பிரிச்சா ஒண்ணுக்கு 31 கோடி, 3 கப்பலுக்கு பிரிச்சா ஒண்ணுக்கு 330 கோடிக்கு மேல. கப்பல்ல ஒரு போல்ட் கூட மாறல, வகுக்கற எண் மாறிச்சு, அவ்வளவுதான். அதோட விளைவு பீரங்கி வரைக்கும் போச்சு, அந்தக் கப்பலுக்குன்னே செஞ்ச குண்டு ஒண்ணு சுமார் 8 லட்சம் டாலர்னு வந்து நின்னதும் 2016-ல குண்டையே வேண்டாம்னு விட்டுட்டாங்க, குண்டு இல்லாத பீரங்கியோட கப்பல் ஓடிச்சு, இப்போ பீரங்கியைக் கழட்டிட்டு ஹைப்பர்சானிக் ஏவுகணை வெக்கற வேலை நடக்குது. அதனால "எத்தனை வாங்கப் போறாங்க"ங்கற எண்ணை எங்க பார்த்தாலும் அது பிளானா, கான்ட்ராக்டா, டெலிவரி ஆனதான்னு பக்கத்துல எழுதுங்க.

இன்னொரு கண்ணி, வெளிநாட்டுக்கு விக்கறதுக்கு முன்னாடி அமெரிக்கா போடற நோட்டீஸ். 2024 பிப்ரவரியில இந்தியாவுக்கு 31 எம்கியூ-9பி ட்ரோன், மதிப்பு 399 கோடி டாலர்னு வந்துச்சு. உடனே 31-ஆல வகுத்து "ஒரு ட்ரோன் 13 கோடி டாலர்"னு எழுதினவங்க ஏராளம். அந்தத் தொகைக்குள்ள 170 ஹெல்ஃபயர் ஏவுகணை, குண்டுகள், தரைக் கட்டுப்பாட்டு நிலையம், ஸ்பேர், ட்ரெயினிங் எல்லாம் இருக்கு, அது போக அது உச்சவரம்பு மதிப்பீடு, கையெழுத்தான கான்ட்ராக்ட் விலை கிடையாது.

பணத்தோட வருஷத்தையும் விடாதீங்க. இந்தியக் கடற்படையோட கடல் கண்காணிப்பு விமானம் பி-8ஐ எட்டுக்கு 2009-ல போட்ட ஒப்பந்தம் சுமார் 210 கோடி டாலர். அன்னைக்கு டாலர் 50 ரூபாய் பக்கம், அப்போ 10,500 கோடி ரூபாய். பின்னாடி வந்த 85 ரூபாய் ரேட்டைப் போட்டு மாத்தினா 17,850 கோடி. ரெண்டுக்கும் நடுவுல 7,000 கோடிக்கு மேல வித்தியாசம், ஒரு விமானம் கூட கூடல. என் பழக்கம்: எந்த நாட்டுப் பணத்துல கான்ட்ராக்ட் ஆச்சோ அதுலயே கணக்கு போட்டு, விலைவாசி உயர்வை அந்த நாட்டு இன்டெக்ஸ்ல சரி பண்ணி, கடைசியில ஒரே ஒரு தடவை ரூபாய்க்கு மாத்தறது.

4. வாங்கின பிறகு ஆகற செலவு

வாங்கற விலையை மட்டும் வெச்சு பேசறது மண்டப வாடகையை மட்டும் சொல்லி கல்யாணச் செலவு இவ்வளவுதான்னு சொல்ற மாதிரி. ஆள் சம்பளம், எரிபொருள், ரிப்பேர், அப்கிரேட், இதெல்லாம் சேர்ந்துதான் ஒரு ஆயுதத்தோட வாழ்நாள் செலவுல சுமார் 70 சதவீதம்னு ஜிஏஓ சொல்லுது. அந்த 70 உங்க ஷீட்ல இல்லைன்னா மிச்ச 30-ஐ வெச்சு என்ன சொன்னாலும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

இது வெறும் தியரி இல்லைங்கறதுக்கு அந்த பி-8ஐ டெண்டரையே பாருங்க. 2018-ல வந்த சிஏஜி அறிக்கை சொல்றது இது: போட்டியில இருந்த ஸ்பெயின் கம்பெனியோட விலைக்கு மேல 20 வருஷ பராமரிப்புச் செலவை அமைச்சகம் கூட்டிச்சு, போயிங் தன் விலையிலயே அது அடங்கியிருக்குன்னு சொன்னதை ஏத்துக்கிச்சு, அதனால போயிங் குறைஞ்ச விலைக்காரரா வந்துச்சு, அப்புறம் பராமரிப்பு தனியா பேசி முடிக்கற ஒப்பந்தமா வந்து நின்னுச்சு. விமானம் நல்லா இல்லன்னு நான் சொல்லல, அரக்கோணத்துல ஐஎன்எஸ் ராஜாளியில இருந்து 2013-ல இருந்து பறந்துட்டு இருக்கு, நல்லாவே உழைக்குது. "அடங்கியிருக்கு"ங்கற ஒரு வார்த்தையில யார் ஜெயிக்கறாங்கங்கறதே மாறிடும், அதுக்குத்தான் சொல்றேன். உங்ககிட்ட யாராவது கொட்டேஷன் குடுத்தா எத்தனை வருஷம், எத்தனை மணி நேரம் பறக்கறதுக்கு, ஸ்பேர் யார் தலையில, சாஃப்ட்வேர் அப்டேட் ஃப்ரீயான்னு எழுத்துல வாங்குங்க. ஒரு விற்பனைக்காரர்கிட்ட நான் இதைக் கேட்டப்போ "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்"னு பதில் வந்துச்சு. அந்த வரிக்கு ஷீட்ல மூணு கட்டம் காலியா விட்டு சிவப்பு அடிச்சு வெச்சேன்.

ஆயுள் கணக்கும் இங்கதான் வரும். அமெரிக்காவோட எல்சிஎஸ் ரக சின்ன போர்க்கப்பல்கள் 25 வருஷம் ஓடணும்னு டிசைன். யுஎஸ்எஸ் சியூக்ஸ் சிட்டி 2018 நவம்பர்ல சேவைக்கு வந்து 2023 ஆகஸ்ட்ல வீட்டுக்குப் போயிடுச்சு, அஞ்சு வருஷம் கூட ஆகல. கட்டின செலவு சுமார் 36 கோடி டாலர். 25-ஆல வகுத்தா வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி டாலர் கூட இல்ல, உண்மையில ஓடின வருஷத்தால வகுத்தா ஏழரைக் கோடி. ப்ரோஷர்ல இருக்கற ஆயுளோட நிறுத்தாம, அதுல பாதிக்கும் ஒரு தடவை போட்டுப் பாருங்க.

5. வாங்கினது எத்தனை, ஓடுற கண்டிஷன்ல எத்தனை

சின்ன ஸ்டெப், ஆனா பதிலையே புரட்டிப் போடும். நம்ம கடற்படையோட மிக்-29கே போர் விமானங்களைப் பத்தி 2016-ல சிஏஜி சொன்னது, பறக்கற நிலையில இருந்தது 15.93 சதவீதத்துல இருந்து 37.63 சதவீதம் வரைக்கும்தான். 2004, 2010 ரெண்டு ஒப்பந்தமும் சேர்த்து 45 விமானத்துக்கு சுமார் 220 கோடி டாலர், அதாவது ஒண்ணுக்கு 4.9 கோடி. ஆனா எழுப்பினா எழுந்து பறக்கற ஒரு விமானத்துக்கு? 37.63-ஐ வெச்சா 13 கோடி, 15.93-ஐ வெச்சா 30 கோடிக்கு மேல. அந்த சதவீதம் தணிக்கை பண்ணின காலத்துக்கு மட்டும்தான், இன்னைக்கு நிலவரம்னு எடுத்துக்கக் கூடாது, இதையும் அடிக்குறிப்புல எழுதிடுங்க. இல்லைன்னா விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் முதல் கேள்வியிலயே உங்களை உக்கார வெச்சிடுவார்.

6. பலன் பக்கம்

செங்கடலுக்கு வருவோம். அங்க எத்தனை சுட்டாங்கன்னு 2025 ஜனவரியில அமெரிக்க கடற்படையே சொன்ன லிஸ்ட் (எஸ்எம், இஎஸ்எஸ்எம் எல்லாம் வானத்துல வர்றதைச் சுட கப்பல்ல இருந்து விடற ஏவுகணை ரகங்கள்): எஸ்எம்-2 120, எஸ்எம்-6 80, அஞ்சு இன்ச் பீரங்கி குண்டு 160, இஎஸ்எஸ்எம், எஸ்எம்-3 ரெண்டும் சேர்த்து 20. எஸ்எம்-2 ஒண்ணு சுமார் 21 லட்சம் டாலர், எஸ்எம்-6 40 லட்சத்துக்கு மேல. முதல் ரெண்டு மட்டும் கூட்டினா 25 கோடியும் 32 கோடியும், 57 கோடி டாலர். எஸ்எம்-3 ரகத்தைப் பொறுத்து விலை பலமடங்கு மாறும், அந்த 20-ல அது எத்தனைன்னு பிரிச்சு சொல்லாததால அதை ரேஞ்சா மட்டும் போடுங்க. திருப்பி அடிக்க விட்ட டோமஹாக் ஏவுகணை, விமானத்துல இருந்து விட்டதெல்லாம் இந்த லிஸ்ட்ல கிடையாது, அதையும் இதையும் ஒண்ணா கொட்டாதீங்க.

எதிர்ப்பக்கம் அந்த வகை ட்ரோன் 20,000 டாலர்ல இருந்து 50,000 டாலர் வரைக்கும்னு மதிப்பிடறாங்க. 21 லட்சத்தை நடுவுல ஒரு 30,000-ஆல வகுத்தா எல்லாரும் சொல்ற 70 மடங்கு வருது. ஆனா கேப்டன் காப்பாத்தறது ட்ரோனை இல்லயே, கப்பலை. 2000 அக்டோபர்ல ஏடன்ல யுஎஸ்எஸ் கோல் மேல சின்ன படகுல வந்து வெடிக்க வெச்சாங்க, 17 பேர் செத்தாங்க, ரிப்பேருக்கு சுமார் 25 கோடி டாலர். அதை சேதத்தோட அளவுகோலா எடுத்துக்கிட்டா, 21 லட்சத்தை 25 கோடியால வகுங்க, 0.84 சதவீதம் வரும். அதாவது அந்த ட்ரோன் கப்பலை அடிக்க நூத்துக்கு ஒரு வாய்ப்பு இருந்தாலே ஏவுகணை விட்டது லாபம்தான், ரெண்டு விட்டாலும் 1.7 சதவீதம்தான் வருது. இதுல உயிருக்கு நான் விலையே போடல. செலவும் பலனும் சமமாக எவ்வளவு வாய்ப்பு போதும்னு பார்க்கற இந்த பிரேக்-ஈவன் கணக்கைத்தான் நான் எல்லாருக்கும் சொல்லித்தர்றேன், ஏன்னா இதுல எதிரியோட ட்ரோன் விலைன்னு ஒரு எண்ணே தேவைப்படல பாருங்க.

அப்போ 70 மடங்குக்கு அர்த்தமே இல்லையா? இருக்கு, ரெண்டாவது கேள்விக்கு. கார்னி மாதிரி ஆர்லீ பர்க் ரக கப்பல்ல இருக்கற செங்குத்து ஏவுகுழாய் 90 இல்ல 96, அதுல ஒரு பங்கு வேற வேலைக்கும் வேணும். தீர்ந்துட்டா கடல்ல வெச்சு ரீலோட் பண்றது இன்னும் சோதனை அளவுலதான் இருக்கு, துறைமுகத்துக்குப் போய்த்தான் ஏத்தணும், போயிட்டு வர்ற வரைக்கும் அந்த இடத்துல கப்பல் இல்ல. எஸ்எம்-6 வருஷத்துக்கு சுமார் 125தான் தயாரிச்சிட்டு இருந்தாங்க, 80 போச்சுன்னா வருஷ உற்பத்தியில 64 சதவீதம். காசு குடுத்தா உடனே கிடைக்கற பொருளுக்கு விலை போதும், காசு இருந்தும் கிடைக்காத பொருளுக்கு விலையோட சேர்த்து "திரும்ப ரொப்ப எத்தனை மாசம்"னு ஷீட்ல ஒரு நெடுவரிசை கண்டிப்பா வேணும். எந்த ரிப்போர்ட்லயாவது அந்த நெடுவரிசை இல்லைன்னா நான் மேற்கொண்டு படிக்கறதில்ல.

மூணாவது கேள்விக்கு பலன் எங்க தெரியணும்? சுட்டு விழுத்தின எண்ணிக்கையில பார்க்கக் கூடாது, வியாபாரக் கப்பல்கள் திரும்பி வந்துச்சாங்கறதுல பார்க்கணும். வரல. பெரிய கன்டெய்னர் கம்பெனிகள் 2023 டிசம்பர்ல இருந்தே நன்னம்பிக்கை முனையைச் சுத்திப் போக ஆரம்பிச்சாங்க, பயணத்துல பத்து நாளுக்கு மேல கூடிச்சு. சூயஸ் கால்வாய் வருமானம் 2023-ல சுமார் 1,000 கோடி டாலர், 2024-ல சுமார் 400 கோடி. போர் ஆபத்து இன்ஷூரன்ஸ் கப்பல் மதிப்புல 0.05 சதவீதம் மாதிரி இருந்தது 1 சதவீதத்தை நெருங்கிச்சு, 10 கோடி டாலர் கப்பலுக்கு ஒரு தடவை கடக்க 50,000 டாலர்னு இருந்தது 10 லட்சம்னு ஆகுது. டெக்னாலஜி தன் வேலையை பிரமாதமா செஞ்சுச்சு, செஞ்சும் கடல்பாதை திறக்கல. இந்த ரெண்டையும் தனித்தனி வரியா எழுதற தைரியம் வேணும். இன்ஷூரன்ஸ் ரேட்டைப் புதுசா வர்றவங்க கண்டுக்கறதே இல்ல, ஆனா காசு போட்டவன் உண்மையில எவ்வளவு பயப்படறான்ங்கறது அதுல தெரிஞ்சிடும், எந்த அட்மிரல் பேட்டியை விடவும் அதை நான் நம்புவேன்.

அப்புறம், அந்தக் கப்பல் அங்க போகலைன்னாலும் மாலுமி சம்பளம் ஓடிட்டேதான் இருக்கும். அதனால போனதால கூடுதலா ஆனதை மட்டும் சேருங்க, மொத்தத்தையும் தூக்கி செங்கடல் தலையில போடாதீங்க.

7. பேர் யாருக்கு?

ஒரு வேலை நடந்தா அதுக்கு பத்து டெக்னாலஜி உரிமை கொண்டாடும். கருங்கடல்ல உக்ரைனோட மகுரா வி5 படகு ட்ரோன் ஒண்ணு சுமார் 2.5 லட்சம் டாலர்ல இருந்து 3 லட்சம்னு சொல்றாங்க, அதுல ரஷ்யாவோட கப்பல்கள், 2024 பிப்ரவரியில இவானோவெட்ஸ், ட்சேசர் குனிக்கோவ், மார்ச்ல செர்கெய் கோட்டோவ்னு மூணு கப்பல் போச்சு. கேட்கவே ஆர்ஓஐ சொர்க்கம் மாதிரி இருக்கும். ஆனா நாம பார்த்தது வெற்றி வீடியோ மட்டும்தான், பாதியில அழிஞ்ச படகுகளுக்கு வீடியோ கிடையாது, ஒரு கப்பலுக்கு ஒண்ணு இல்ல பல படகு அனுப்பறாங்க. அதோட ரஷ்ய கப்பற்படை நோவோரோசிஸ்க் துறைமுகம் பக்கம் ஒதுங்கினதுக்கு 2022-ல மாஸ்க்வா கப்பலை மூழ்கடிச்ச நெப்டியூன் ஏவுகணை, கிரைமியாவுல செவஸ்தபோல் தளம் மேல விழுந்த க்ரூஸ் ஏவுகணைகள் எல்லாத்துக்கும் பங்கு இருக்கு. 2023 ஆகஸ்ட்ல உக்ரைன் திறந்த தானிய ஏற்றுமதிக் கடல்பாதையோட முழு பலனையும் படகு ட்ரோன் கணக்குல எழுதினா அது பொய்க்கணக்கு.

நம்ம பக்கம் 2024 மார்ச்ல கொள்ளைக்காரங்க பிடிச்சு வெச்சிருந்த சரக்குக் கப்பல் எம்வி ரூயன் மீட்பு. ஐஎன்எஸ் கொல்கத்தா 40 மணி நேரம் விடாம நின்னு 35 கொள்ளைக்காரங்களைப் பிடிச்சு 17 மாலுமிகளை மீட்டுச்சு. அதுல பி-8ஐ, சீ கார்டியன் ட்ரோன், கமாண்டோ எல்லாருக்கும் வேலை இருந்துச்சு. இந்த மாதிரி கேஸ்ல "இதை எடுத்துட்டா மீட்பு நடந்திருக்குமா, எவ்வளவு லேட் ஆகியிருக்கும்"னு ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க. சதவீதமா பிரிக்க முயற்சி பண்ணாதீங்க, எந்தப் பிரிப்பும் நிக்காது.

8. ப்ரோஷர் நம்பரை எப்படிப் படிக்கறது

பிரிட்டன் டிராகன்ஃபயர் லேசர், ஒரு தடவை சுட 10 பவுண்டுன்னு சொல்றாங்க. உண்மைதான், கரண்டு செலவு அது. லேசர் யூனிட், அதுக்கு வேண்டிய பவர், கூலிங், கப்பல்ல பொருத்த டாக்ல நிக்கற காலம் எல்லாம் அந்த 10 பவுண்டுக்கு வெளிய. வருஷத்துக்கு எத்தனை தடவை சுடுவாங்கன்னு ஒரு எண்ணை வெச்சு மொத்தத்தையும் பிரிச்சாதான் உண்மை விலை வரும், அமைதிக் காலத்துல அந்த எண் ஏறக்குறைய பூஜ்யம்.

அதே மாதிரி இந்தியா 2020 நவம்பர்ல இருந்து லீஸ்ல எடுத்து அரக்கோணத்துல வெச்ச ரெண்டு சீ கார்டியன் ட்ரோனும் ரெண்டு வருஷத்துல 10,000 மணி நேரம் பறந்து 1.4 கோடி சதுர மைலுக்கு மேல பார்த்துச்சுன்னு தயாரிப்பாளர் அறிவிச்சாங்க. ஆனா பரப்பளவுங்கறது செஞ்ச வேலையோட அளவு, பலன் ஆகாது. பார்த்ததுல எத்தனை சந்தேகக் கப்பல், அதுல எத்தனைக்கு மேல கப்பல் அனுப்பினாங்க, அந்த எண் வேணும். லீஸ்ல ஒரு நல்லதும் இருக்கு, 2024 செப்டம்பர்ல அதுல ஒண்ணு வங்காள விரிகுடாவுல விழுந்தப்போ ஒப்பந்தப்படி மாத்து ட்ரோன் குடுக்கற பொறுப்பு கம்பெனியோடது. வாங்கறதா லீஸான்னு ஒப்பிடும்போது இந்த இழப்பு ஆபத்து யார் தலையிலங்கறதுக்கும் ஒரு தொகை போடுங்க.

9. ஷீட்டும் சப்மிட் பண்றதும்

ஒவ்வொரு எண்ணுக்கும் அஞ்சு நெடுவரிசை: தொகை, எந்த வருஷப் பணம், அதுக்குள்ள என்னென்ன அடங்குது, எந்த டாக்குமென்ட் எந்தப் பக்கம், சொன்னவருக்கு அதை விக்கற ஆர்வம் இருக்கா. கடைசி நெடுவரிசைதான் ரொம்ப உதவும், ஃபில்டர் போட்டு "ஆமா"வை எல்லாம் தூக்கிட்டு மிச்சத்துல பதில் நிக்குதான்னு பாருங்க. வருங்காலச் செலவை இன்னைய மதிப்புக்குக் குறைக்கற டிஸ்கவுன்ட் ரேட்டை 3 சதவீதத்துலயும் போடுங்க 7-லயும் போடுங்க, முடிவு மாறலைன்னா அதைப் பத்தி யாரோடயும் சண்டை போட வேண்டாம். எந்த ஒரு எண்ணை மாத்தினா முடிவு கவிழுதுன்னு கண்டுபிடிச்சு அதை ரிப்போர்ட்டோட முதல் பக்கத்துலயே எழுதுங்க, பெரும்பாலும் அது விலையா இருக்காது, ஆயுளோ ரெடி நிலையோ எண்ணிக்கையோதான் இருக்கும்.

நேரம்னு பார்த்தா டாக்குமென்ட் படிக்கறதுக்குத்தான் அதிகமா ஒதுக்கணும், கணக்கு போடறது சில நாள் வேலை. பிப்ரவரி, மார்ச்ல முடிக்கற மாதிரி பிளான் பண்ணாதீங்க, புது பட்ஜெட் வந்து பாதி எண்ணை மாத்தும். ஜூன் முடிஞ்சு ஆரம்பிச்சா அமெரிக்க பக்கம் எல்லாமே கையில இருக்கும். "இந்தத் தேதி வரைக்கும் வந்த டாக்குமென்ட் மட்டும்"னு ஒரு கட்-ஆஃப் தேதி மேல போட்டுடுங்க.

பாதுகாப்பு அமைச்சகம் ஸ்டார்ட்அப்களுக்கு மானியம் குடுக்கற ஐடெக்ஸ் மாதிரி திட்டத்துக்கு போறவங்களுக்குத் தனியா ஒண்ணு. மானியம் ப்ரோட்டோடைப்புக்கு, வழக்கமான சவால்ல 1.5 கோடி ரூபாய் வரைக்கும். உங்க பிட்ச்ல ப்ரோட்டோடைப் விலையைக் காட்டி மலிவுன்னு சொல்லாதீங்க. உப்புக்காத்துல ரெண்டு மழைக்காலம் நின்ன பிறகு என்ன பராமரிப்பு ஆகும், பத்து வாங்கினா என்ன விலை, நூறு வாங்கினா என்ன விலை, ஒண்ணு கடல்ல போச்சுன்னா மாத்து எத்தனை வாரத்துல வரும், இந்த நாலுக்கும் ஒரு டேபிள் போட்டு எடுத்துட்டுப் போங்க, மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க முதல்ல புரட்டற பக்கம் அதுதான்.